பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவராக ஆகிவிட்டேன், வருட வரவு செலவுக் கணக்கில் கையெழுத்துப் போடலாமா?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். உங்கள் மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு உங்களைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இந்த நிதியாண்டின் வரவு செலவை வாசித்துவிட்டு தீர்மான நோட்டில் உங்கள் கையெழுத்தை வாங்கப் போகிறார்கள். பாஸ்புக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் அதில் பூஜ்யம்தான் நிற்கிறது, ஆனால் தலைமையாசிரியர் ஆயிரக்கணக்கில் செலவு சொல்கிறார். 'கையெழுத்துப் போடலாமா, பின்னால் ஏதாவது பிரச்சினை என்றால் நான் மாட்டிக்கொள்வேனா' என்பது உங்கள் கேள்வி. நீங்கள் வெளிப்படையாகக் கேட்காத இன்னொன்றும் அதில் தெரிகிறது. கூட்டத்தில் வாயைத் திறந்து கணக்குக் கேட்டால் டீச்சருக்குக் கோபம் வந்து, அது பிள்ளைமேல் திரும்பிவிடுமோ என்கிற பயம். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். நான் வட்டார வள மையத்தில் (வட்டார அளவில் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறை அலுவலகம்) ஆசிரியர் பயிற்றுநராக இருந்து உங்களைப் போன்ற குழு உறுப்பினர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன், அதற்குப் பிறகு தலைமையாசிரியராக இருந்து இதே கணக்கை வாசித்துக் காட்டியவன். மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்த அனுபவம் உண்டு.

முதலில் அந்தப் பூஜ்யத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் பாதிச் சந்தேகம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. முன்பெல்லாம் மானியத் தொகை பள்ளிக் கணக்குக்கே வந்து விழும், தலைமையாசிரியரும் தலைவரும் சேர்ந்து காசோலையில் கையெழுத்துப் போட்டு எடுப்பார்கள், பாஸ்புக்கில் வரவும் செலவும் பளிச்சென்று தெரியும். 2021 ஜூலை முதல் ஒன்றிய அரசு பங்கு கொடுக்கும் திட்டங்களுக்கு முறை மாறிவிட்டது. பணம் மாநில அளவில் ஒரே கணக்கில் இருக்கும். உங்கள் பள்ளிக்கு 'இவ்வளவு வரை செலவழிக்கலாம்' என்று ஒரு வரம்பு மட்டும் கொடுப்பார்கள். கடைக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டிய நேரத்தில் பி.எஃப்.எம்.எஸ். என்கிற அரசுப் பணப் பட்டுவாடா இணையதளத்தில் பதிவு செய்து, ஒரு தாள் அச்செடுத்து, கையெழுத்திட்டு வங்கியில் கொடுத்தால் அந்தத் தொகை கடைக்காரர் கணக்குக்குப் போய்விடும். பள்ளிக் கணக்கில் மீதம் எப்போதும் பூஜ்யமாகத்தான் இருக்கும். ஆகவே பூஜ்யத்தைப் பார்த்து யாரையும் சந்தேகப்பட வேண்டாம். இது உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம். நீங்கள் கேட்க வேண்டியது பாஸ்புக்கை அல்ல. இந்த வருடம் பள்ளிக்கு எவ்வளவு வரம்பு வந்தது, எந்தெந்தத் தேதியில் வந்தது, அதில் யார் யாருக்கு எவ்வளவு போனது என்பதைக் காட்டும் தாள்களைத்தான். அவை அலுவலகக் கோப்பில் இருக்கும், இருக்க வேண்டும்.

அடுத்தது, உங்கள் பள்ளிக்கு எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா) வரும் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இது தவிர தொடக்கப் பள்ளிக்கு விளையாட்டுப் பொருட்களுக்கு 5,000 வரையும் நூலகத்துக்கு 5,000 வரையும் தனித் தலைப்பில் உண்டு. பள்ளி மானியத்தில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு என்று ஒதுக்கியே ஆக வேண்டும். நீங்கள் 62 பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் 25,000 அடுக்கு, அதில் 2,500 கழிவறை, குடிநீர்த் தொட்டி, பினாயில், துடைப்பம் வகைக்கு. ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு நானூறு ரூபாய் சொச்சம். சாக்பீஸ், பதிவேடுகள், கரும்பலகைக்குப் பெயின்ட், உடைந்த குழாய், செய்தித்தாள், ஃபேன் ரிப்பேர், இணையச் செலவு எல்லாம் இதற்குள்தான் அடங்க வேண்டும்.

இந்த அடுக்கு முறையில் எனக்கு வெகுகாலமாகவே வருத்தம் உண்டு. 30 பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் ஒரே ஒரு பிள்ளை கூடுதலாகச் சேர்ந்தால் பதினைந்தாயிரம் கூடுதலாகக் கிடைக்கிறது, ஆனால் 900 பேர் படிக்கும் பள்ளிக்கு 75,000 என்றால் ஒரு பிள்ளைக்கு 83 ரூபாய்தான் வருகிறது. அவ்வளவு பெரிய பள்ளியில் கழிவறையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள அந்தத் தொகை எந்த மூலைக்கு? நடைமுறையில் இதிலிருந்து உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. மாணவர் விவரங்களைப் பதிவு செய்யும் எமிஸ் இணையதளத்தில் உங்கள் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை சரியாக ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். வேறு ஊருக்குப் போன பிள்ளையை நீக்காமல் வைத்திருப்பதும் தவறு, புதிதாகச் சேர்ந்த பிள்ளையை ஏற்றாமல் விட்டதும் தவறு. எல்லைக்கோட்டில் நிற்கும் பள்ளிக்கு இது பெரிய வித்தியாசம்.

இப்போது சந்தேகமான பகுதிக்கு வருகிறேன். 'வர வேண்டியது 25,000, ஆனால் 12,500தான் வந்தது என்கிறார், மீதியை என்ன செய்தார்' என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பள்ளிக் கோப்பை நான் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் பாதித் தொகை மட்டும் வருவது நடக்கக்கூடியதே. மானியத்தைத் தவணையாக விடுவது வழக்கம், இரண்டாம் தவணை தாமதமாவதும் உண்டு. இந்தத் திட்டத்தில் ஒன்றிய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம் என்று பங்கு. 2024-25-இல் பி.எம். ஸ்ரீ என்கிற ஒன்றிய அரசின் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதால் ஒன்றிய அரசு தன் பங்கை, சுமார் 2,152 கோடி ரூபாயை, நிறுத்தி வைத்தது. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. மேலே நடக்கும் சண்டை கடைசியில் சாக்பீஸ் டப்பாவில் வந்துதான் முடியும். எனவே 'மீதியை என்ன செய்தீர்கள்' என்று ஆரம்பிக்காதீர்கள். 'இந்த வருஷம் எத்தனை தவணை வந்தது சார், அந்த உத்தரவைக் கொஞ்சம் காட்டுங்கள்' என்று கேளுங்கள். உத்தரவு நகலில் தொகை இருக்கும், அதோடு சந்தேகம் தீர்ந்துவிடும். அப்படியும் தீராவிட்டால் வட்டார வள மையத்தில் போய்க் கேட்டால் உங்கள் பள்ளிக்கு எவ்வளவு விடுவித்தார்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

சரி, கூட்டத்தில் கணக்கை வாசிக்கும்போது எதைப் பார்ப்பது? நான் பயிற்சியில் சொல்லும் வழி எளிமையானது: மொத்தத்தைப் பார்க்காதீர்கள், ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போங்கள். உதாரணமாக 'மின்விசிறி 2, ரூ. 3,800' என்று ஒரு வரி வாசிக்கிறார்கள் என்று வையுங்கள். அதற்கான பில்லை எடுக்கச் சொல்லுங்கள். பில்லில் கடையின் பெயர், தேதி, ஜி.எஸ்.டி. எண், பள்ளியின் பெயர் இருக்கிறதா பாருங்கள். பிறகு இருப்புப் பதிவேட்டில் அந்த இரண்டு ஃபேனும் ஏறியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் எழுந்து போய் வகுப்பறையில் அது சுற்றுகிறதா என்று பாருங்கள். பில், பதிவேடு, பொருள் என மூன்றும் பொருந்தினால் அந்த வரி சரி. இரண்டு மூன்று வரிகளுக்கு இப்படிச் செய்தாலே கணக்கு எப்படிப்பட்ட கணக்கு என்று உங்களுக்குப் புரிந்துவிடும். 'இதர செலவு' என்று ஒரே வரியில் நாலாயிரம், ஐந்தாயிரம் என்று வந்தால் மட்டும் அதைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதில் ஆட்டோ வாடகை, ஜெராக்ஸ், தண்ணீர் கேன் என்று நியாயமான சில்லறைச் செலவுகள்தான் இருக்கும், ஆனாலும் எழுத்தில் வர வேண்டும்.

எல்லா பில்லும் மார்ச் கடைசி வாரத்தில் ஒரே கடையில் போட்டது போல இருந்தால் என்ன அர்த்தம் என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார். இதற்கு இரண்டு விதமாகப் பொருள் கொள்ளலாம். ஒன்று, பொருளே வாங்காமல் வருடக் கடைசியில் பில் மட்டும் வாங்கிப் பணத்தைக் காலி செய்தது. இன்னொன்று, ஜூனிலிருந்து தலைமையாசிரியர் தன் கைக்காசைப் போட்டு, அல்லது தெரிந்த கடையில் கடன் சொல்லி எல்லாவற்றையும் வாங்கி ஓட்டியிருக்கிறார், தொகை பிப்ரவரி, மார்ச்சில் வந்ததும் மொத்தமாக பில் போட்டு அடைத்திருக்கிறார். மார்ச் 31-க்குள் செலவு செய்யாவிட்டால் வரம்பு திரும்பிப் போய்விடும் என்பதால் அந்த அவசரம். நான் பார்த்தவரை இரண்டாவதுதான் அதிகம், நானே அப்படி ஓட்டியிருக்கிறேன். முறைப்படி அது சரியல்ல, ஆனால் திருட்டும் அல்ல. எது நடந்தது என்று கண்டுபிடிக்க மறுபடியும் அதே வழிதான், பொருள் பள்ளியில் இருக்கிறதா, சாக்பீஸ் போன்ற தீர்ந்துபோகும் பொருள் என்றால் வருடம் முழுக்க வகுப்பில் அது இருந்ததா என்று பிள்ளைகளையே கேட்கலாம்.

கையெழுத்து விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்காமல் சொல்வது ஒன்று உண்டு. வெற்றுத் தாளில், தொகை எழுதாத வங்கித் தாளில், 'தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்கிறேன்' என்ற நோட்டில் போடாதீர்கள். எவ்வளவு நல்ல தலைமையாசிரியராக இருந்தாலும் போடாதீர்கள். கூட்டுக் கையெழுத்து என்றால் அந்தத் தொகைக்கு நீங்களும் பொறுப்பு, தணிக்கையில் கேள்வி வந்தால் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. ஆனால் கூட்டம் நடந்து, கணக்கை வாசித்து, பில்லைப் பார்த்து, உறுப்பினர்கள் கேட்டதும் அதற்கு வந்த பதிலும் தீர்மானத்தில் பதிவாகி, அதன்பிறகு நீங்கள் போட்ட கையெழுத்து உங்களைக் காப்பாற்றும். ஏதாவது ஒரு இனத்தில் திருப்தி இல்லை என்றால் மொத்தமாக மறுக்க வேண்டியதில்லை. 'இந்த இனத்துக்கு பில் அடுத்த கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லிவிட்டுப் போடலாம். தீர்மானங்களை இப்போது பெற்றோர் செயலியிலும் ஏற்றுகிறார்கள், நோட்டில் இருப்பதும் செயலியில் இருப்பதும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உரிமை உண்டா என்றால், சட்டமே கொடுத்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21-ஆவது பிரிவு. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ வேறு எங்கிருந்தோ பள்ளிக்கு வரும் தொகை எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது குழுவின் வேலை. 'வேறு எங்கிருந்தோ' என்பதைக் கவனியுங்கள். முன்னாள் மாணவர் கொடுத்த நன்கொடை, ஊர்ப் பெரியவர் வாங்கிக் கொடுத்த பெஞ்சு, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாக வந்தது எல்லாமே உங்கள் பார்வைக்குள் வரும். ரொக்கமாக யாரிடமும் வாங்கினால் ரசீது இருக்க வேண்டும், சேர்க்கைக்கு என்று பெற்றோரிடம் வசூலிக்கவே கூடாது. (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: உங்கள் பிள்ளை படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி என்றால் குழு ஆலோசனை மட்டும்தான் சொல்லலாம், இந்த அதிகாரம் கிடையாது.) அதேசமயம் எல்லாப் பணமும் உங்கள் கைக்குள் இல்லை. ஆசிரியர் சம்பளம் கருவூலம் வழியாகப் போகிறது, சத்துணவுக்கு அமைப்பாளரிடம் தனிக் கணக்கு, கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. சத்துணவின் தரத்தை நீங்கள் கேட்கலாம், ருசி பார்க்கலாம், ஆனால் அந்தக் கணக்கைப் பள்ளி மானியக் கணக்கோடு போட்டுக் குழப்பிக்கொண்டால் இரண்டுமே புரியாது.

இவ்வளவும் நீங்கள் கேட்டதற்கான பதில். ஆனால் இதைவிடப் பெரிய ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, அதைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை. மார்ச்சில் செலவைச் சரிபார்ப்பது நடந்து முடிந்ததைப் பார்ப்பது. பன்னிரண்டாயிரமோ இருபத்தைந்தாயிரமோ, அதில் தவறே நடக்காவிட்டாலும் பள்ளி மாறிவிடாது. குழுவின் உண்மையான பலம் அடுத்த பிரிவில், 22-இல் இருக்கிறது. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைக் குழுதான் தயாரிக்க வேண்டும், அரசும் உள்ளாட்சியும் அந்தப் பள்ளிக்குத் திட்டமிடுவதற்கும் நிதி ஒதுக்குவதற்கும் அதுவே அடிப்படையாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பல பள்ளிகளில் இந்தத் திட்டம் போன வருடத்து நோட்டைப் பார்த்து அப்படியே எழுதியதாகத்தான் இருக்கும். 'கூடுதல் வகுப்பறை, சுற்றுச்சுவர், கணினி' என்று பத்து வருடமாக அதே மூன்று வரி. கூட்டத்துக்கு வந்த பெற்றோர் சொன்னது எதுவும் அதில் ஏறியிருக்காது.

ஒரு பள்ளியில் நான் பயிற்சிக்குப் போயிருந்தபோது தூய்மைக்கான தொகையில் ப்ளீச்சிங் பவுடரும் ஆசிடும் வாங்குவதாகத் தீர்மானம் வாசித்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மா, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர், 'பவுடர் வாங்கி என்ன பண்றது சார், கக்கூஸுக்குத் தண்ணியே ஏறலியே, பொம்பளப் புள்ளைங்க ரீசஸுக்கு வீட்டுக்கு ஓடியாறதுங்க' என்றார். எழுந்து போய்ப் பார்த்தால் தொட்டியிலிருந்து பெண் பிள்ளைகள் கழிவறைக்கு வரும் குழாய் பாதியில் உடைந்து, துணி சுற்றி வைத்திருந்தார்கள். தலைமையாசிரியர் ஆண், அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை. அந்த மாதம் பவுடரைக் குறைத்துக்கொண்டு முதலில் குழாயை மாற்றினார்கள், பிளம்பர் கூலியோடு சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. மதியத்துக்கு மேல் வீட்டுக்குப் போன பிள்ளைகள் திரும்பி வராமல் இருந்ததற்குக் காரணமும் அன்றைக்குத்தான் ஆசிரியர்களுக்கே தெரிந்தது. கணக்கில் ஒரு பைசா தவறு இல்லாத பள்ளி அது, ஆனால் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. அதைப் பெற்றோரால்தான் சொல்ல முடியும், எந்தத் தணிக்கையாளராலும் சொல்ல முடியாது.

அதனால் இந்த வெள்ளிக்கிழமை கணக்கு முடிந்ததும், 'அடுத்த வருஷத்துத் திட்டத்தை எப்போது எழுதப் போகிறோம்' என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஜூனில் பள்ளி திறந்த பிறகு ஒரு கூட்டத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள், நவம்பர், டிசம்பருக்குள் எழுதி முடித்துவிடுங்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு மேலே மாவட்டம், மாநிலம் என்று அடுத்த ஆண்டுக்கான கோரிக்கைகள் தொகுத்துப் போய்விடும், நீங்கள் மார்ச்சில் எழுதினால் வண்டி கிளம்பியிருக்கும். எழுதும்போது மானியத்தில் முடிகிற வேலையையும் முடியாத வேலையையும் தனித்தனியாகப் பிரியுங்கள். குழாய், பெயின்ட், விளையாட்டுப் பொருள் இதெல்லாம் உங்கள் தொகையிலேயே. புதுக் கழிவறை, வகுப்பறை, சுற்றுச்சுவர் என்றால் தீர்மான நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மனு. குடிநீர் இணைப்பு, தெருவிளக்கு, பள்ளிக்கு முன்னால் தேங்கும் சாக்கடை என்றால் ஊராட்சி. ஊராட்சி சம்பந்தப்பட்டதைக் கிராம சபையில் வையுங்கள், வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. பள்ளிக் குழுவின் தீர்மான நகலைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு அம்மாக்கள் கிராம சபையில் எழுந்து நின்றால் அதைத் தள்ளிவிட்டுப் போவது அவ்வளவு சுலபமில்லை, இதை நான் பல ஊர்களில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகப் பிள்ளையைப் பற்றிய பயம். அப்படி நடக்கவே நடக்காது என்று நான் உத்தரவாதம் கொடுக்க முடியாது, மனிதர்கள் பலவிதம். ஆனால் கேட்கும் விதத்தில் நிறைய இருக்கிறது. தனியாகக் கேட்காதீர்கள், கூட்டத்துக்கு முன்னாலேயே இரண்டு மூன்று உறுப்பினர்களிடம் பேசி, ஆளுக்கு ஒரு கேள்வியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே பள்ளிக்குப் போய் 'பில்லை எல்லாம் எடுத்து வையுங்கள் சார், எனக்கு இது புதுசு, பார்த்துக் கற்றுக்கொள்கிறேன்' என்று சொல்லிவிடுங்கள். கணக்குச் சரியாக வைத்திருக்கும் தலைமையாசிரியருக்கு இதில் கோபம் வராது, நிம்மதிதான் வரும், ஏனென்றால் பணம் வராததைப் பற்றி மேலே பேச அவருக்கும் ஒரு துணை கிடைக்கிறது. பில்லே காட்ட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் முதலில் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், அதற்கும் அசைவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு பள்ளி மானியத்தின் வரவு செலவு, பில் நகல்கள் கேட்டு விண்ணப்பியுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். எடுத்த எடுப்பிலேயே அதைச் செய்ய வேண்டாம். தகவல் விண்ணப்பம் போட்ட பிறகு தலைமையாசிரியரோடு சேர்ந்து வேலை செய்வது கஷ்டம், நீங்கள் தலைவராக இன்னும் நிறைய மாதம் அவரோடு உட்கார வேண்டியிருக்கிறது.